நோதம்பலாந்தின் சிறு பைக்குழலும் அதனைப் பேணிய மாந்தரும்

பைக்குழல் என்றதும் ஸ்கொத்லாந்துப் படையணிகளின் முன்னே முழங்கும் பேரோசைக் கருவியே நம்மவர் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் வடகிழக்கெல்லையிலுள்ள நோதம்பலாந்தின் சிறு பைக்குழலோ அதனின்றும் பெரிதும் வேறுபட்டது. இது வாயால் ஊதப்படுவதன்று; கைக்கீழ்க் கட்டிய துருத்தி பையினுட் காற்றைச் செலுத்துகின்றது. நாதஸ்வரத்துக்குப் போன்று இதற்கும் சீவாளி உண்டு. இடையறாது ஒலிக்கும் ஒத்துக்குழல்களும் உண்டு. ஆயினும், இதன் நாதம் வீட்டினுள் அமர்ந்து கேட்பதற்கே உரியது.

இதன் தனித்தன்மை, இசைக்குழலின் அடி அடைக்கப்பட்டிருப்பதிலேயே தங்கியுள்ளது. துளைகள் யாவற்றையும் விரல்களால் மூடியதும் குழல் மௌனமாகிவிடும். பைக்குழல் இனத்தில் இஃது அரிய பண்பாகும். திறந்த துளையை மூடிய பின்னரே அடுத்த விரலை உயர்த்துதல் மரபு. ஆகவே ஒவ்வொரு சுரமும் மற்றதனோடு கலவாது தனித்து ஒலிக்கும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோத் சீல்ட்ஸ் நகரத்துக் கருவியாளர் றொபேட் றீட் உலோகச் சாவிகளைப் பெருக்கிச் சுர எல்லையை விரித்தார்.

இம்மரபு நிலைபெற்றமைக்குப் பிரபுக்களும் கற்றோர் சங்கங்களுமே காரணர் என்று கூறுவாருளர். நியூகாசில் தொல்பொருளாளர் சங்கம் 1855இல் நோதம்பலாந்துக் கோமகனின் தூண்டுதலால் நாட்டார் பாடல்களைத் திரட்டத் தொடங்கியது. தொகுப்பு 1882இலேயே அச்சேறியது. 1893இல் தோன்றிய பைக்குழற் சங்கமொன்று நெடுநாள் நிலைக்கவில்லை. இம்முயற்சிகள் போற்றற்குரியனவே. எனினும், ஏட்டில் மெட்டுகளைக் காக்கலாம்; விரல்களின் பழக்கத்தை எவ்வாறு காப்பது?

அதனைக் காத்தவர்களுள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் முதன்மையானவர். பிளைத் துறைமுகத்தையடுத்த நியூசம் ஊரினரான தொம் கிளவ் (1881–1964) சுரங்கத்தில் உழைத்தவர். தந்தையும் பாட்டனும் குழலிசைத்த குடும்பத்தில் வந்தவர். 1929இல் அவரது வாசிப்பு இசைத்தட்டிற் பதிவாயிற்று. நிலத்தடியில் வன்தொழில் புரிந்த கைகள் இத்துணை நுண்மையை எய்தின என்பது மனங்கொள்ளத்தக்கது.

மூடிய விரல் முறையினின்றும் வழுவுதலைக் கிளவ் பெருங்குற்றமாகவே கருதினார். ஆனால் அவரிடம் பயின்ற பில்லி பிக் (1902–1968) அக்கட்டுப்பாட்டை வேண்டியவிடத்துத் தளர்த்தினார். விரல்களைத் திறந்து, சுரங்களை உருட்டி, உணர்ச்சி ததும்ப வாசித்தார். அவர் மறைந்த பின் 1971இல் வெளியான இசைத்தட்டு இளையோர் பலரை இக்கருவியின்பால் ஈர்த்தது. தூய்மைவாதிகள் இதனைச் சிதைவு என்பர். மரபினை அடியொற்றிக் கற்றவன் ஒருவன், அதன் எல்லையை அறிந்தே மீறுதலைச் சிதைவெனல் பொருந்தாது. மாறாக, கிளவின் கண்டிப்பு இல்லையேல் பிக்கின் மீறலுக்கும் பொருளில்லை.

1967இல் வில்லியம் கொக்ஸ், ஜிம் பிறையன் ஆகியோர் வெளியிட்ட நூல் கருவியின் அளவுகளையும் செய்முறையையும் விளக்கியது. அதனைக் கொண்டு பலர் தாமே குழல்களைக் கடைந்தெடுத்தனர். கொக்ஸ் சேகரித்த பைக்குழல்கள் மோர்ப்பெத் நகர நூதனசாலையைச் சேர்ந்தன. அப்பிரதேசத்தின் இறுதி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005இல் மூடப்பட்டது.