இரண்டு புள்ளி வித்தியாசம்



பானிபட் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "சார், வகுப்பில் இப்படி நடத்தியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்" என்று ஒரு பழைய மாணவன் கமெண்ட் போட்டிருந்தான். தம்பி, நீ தூங்கியது மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில். அக்பரே நேரில் வந்திருந்தாலும் தூங்கியிருப்பாய்.

இன்றைக்குப் போர் கிடையாது, துப்பாக்கி மட்டும் உண்டு. பனிச்சறுக்கில் ஓடிக்கொண்டே சுடும் பையத்லான் என்ற விளையாட்டில் 2019–20 பருவத்தில் நடந்த கதை இது. நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. நானும் அந்தக் குளிர்காலத்துக்கு முன்பு கேள்விப்பட்டதில்லை.

2019 டிசம்பரில் மகளின் பிரசவத்துக்காக நானும் என் வீட்டம்மாவும் மியூனிக் போனோம். அங்கே அவளுக்குச் சமையலறையில் ஓயாத வேலை, பிரசவ லேகியம் வரை எல்லாம் இங்கிருந்தே கட்டி எடுத்து வந்திருந்தாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெளியே போனால் காது உறைகிறது. ஆகவே டிவி. ஜெர்மனியில் குளிர்காலச் சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வீடு இந்த விளையாட்டுதான் ஓடும், நம் வீடுகளில் கிரிக்கெட் ஓடுவதுபோல. பாஷை புரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் விஷயம் ரொம்ப எளிது.

முதுகில் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கி. காலில் பனிச்சறுக்குக் கட்டை. மேடும் பள்ளமுமாக மூச்சு வாங்க ஓடிவந்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் ஐந்து குறிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் குறுக்களவு நாலரை சென்டிமீட்டர், ஓர் எலுமிச்சம்பழம். நின்று சுடும்போது பதினொன்றரை, நம் காபி டபராவைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று தவறினால் 150 மீட்டர் தண்டனை வட்டத்தைச் சுற்றிவர வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபது விநாடிக்கு மேல் போய்விடும். நீண்ட தூரத் தனிநபர் பந்தயத்தில் வட்டம் கிடையாது, தவறிய குண்டு ஒன்றுக்கு நேராக ஒரு நிமிடம் சேர்த்துவிடுவார்கள். ஓடும்போது இதயம் முரசு மாதிரி அடிக்க வேண்டும், சுடும்போது அதே இதயம் அடங்க வேண்டும். வேகமாக வந்தவன் கை நடுங்கித் தோற்பதும், நிதானமாக வந்தவன் ஐந்தையும் அடித்து முன்னேறுவதும் ஒவ்வொரு பந்தயத்திலும் நடக்கும்.

வரலாற்று வாத்தியார் என்பதால் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் எல்லை காக்கும் பனிச்சறுக்குப் படைவீரர்களிடையே 1767இலேயே இத்தகைய போட்டி நடந்திருக்கிறது. 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 1977–78 முதல் உலகக் கோப்பைத் தொடர். பெண்களுக்கு ஒலிம்பிக் கதவு திறந்தது 1992இல்தான். ராணுவத்தில் பிறந்த விளையாட்டுகளுக்கு இந்தத் தாமதம் வழக்கம்.

உலகக் கோப்பை என்றதும் ஒரே ஒரு இறுதிப்போட்டி என்று நினைக்காதீர்கள். 2019–20இல் அது நவம்பர் கடைசியில் ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்டில் தொடங்கி மார்ச் வரை ஊர் ஊராகப் போனது. அப்போது ஒவ்வொரு பந்தயத்துக்கும் தந்த புள்ளி: முதல் இடத்துக்கு 60, அடுத்து 54, 48, 43, 40 என்று இறங்கி, நாற்பதாவது ஆளுக்கு 1. பருவ முடிவில் மொத்தம் கூட்டிப் பார்த்து, அதிகம் உள்ளவருக்குக் கண்ணாடியில் செய்த பெரிய உலக உருண்டையைக் கொடுப்பார்கள்.

அந்தப் பருவத்தில் இரண்டு பேர் கதை. ஒருவர் பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட். 2012 முதல் 2018 வரை அந்த உருண்டையைத் தொடர்ந்து ஏழு முறை வாங்கியவர். எட்டாவது வருடம் என்ன ஆனதோ, 12ஆம் இடத்துக்குச் சரிந்தார். முடிந்தது கதை என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். 2019–20இல் 31 வயதில் திரும்ப எழுந்து வந்தார்.

இன்னொருவர் நார்வேயின் யோஹன்னஸ் திங்னஸ் போ. ஃபூர்காட் சரிந்த அதே பருவத்தில் 16 பந்தயங்களை வென்று சாதனை படைத்து, உருண்டையைக் கொண்டுபோனவர். வயது 26. நார்வேக்காரர்கள் அந்தப் பெயரை வாயைக் குவித்து வேறு மாதிரிச் சொல்கிறார்கள். என் வாயில் 'போ' என்றுதான் வந்தது. டிசம்பர் முழுக்க இந்தப் போதான் முன்னால். கிறிஸ்துமஸ் விடுமுறை வரை பார்த்தபோது, இந்த வருடமும் இவருக்குத்தான் என்று நான்கூடச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி பிறந்தது. எங்கள் பேத்தியும் பிறந்தாள். ஜெர்மனியில் ஓபர்ஹோஃப், ரூபோல்டிங் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்களில் பந்தயம். ரூபோல்டிங் எங்கள் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். டிவியில் தேடிப் பார்க்கிறேன், போவைக் காணோம்.

"என்ன மாப்பிள்ளை, உங்க சாம்பியனுக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன்.

மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவரும் விடுப்பில்தான் இருந்தார். "இல்ல மாமா. அவர் மனைவிக்குப் பிரசவம். முதல் குழந்தை. அதனால இந்த ரெண்டு ஊருக்கும் வரலைன்னு சொல்லிட்டாராம்."

"அதுக்காகவா? நாலு பந்தயம் போகுதே!"

சொன்ன பிறகுதான் மகள் கதவருகே நிற்பதைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா, காபி ஆறுது" என்றாள், அவ்வளவுதான்.

உறவுக்காரர்களுக்கு இது தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. 1989 ஏப்ரலில் அவள் பிறந்தபோது நான் வேறு மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். சாயங்காலம் தந்தி வந்தது. கையில் வாங்கிய கட்டு முடியவில்லை என்று அன்றும் தங்கினேன், மறுநாளும் தங்கினேன், மூன்றாம் நாள்தான் பஸ் ஏறினேன். கேட்டிருந்தால் முகாமில் விட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கட்டை முடித்துக் கொடுப்பதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன். அவ்வளவு பிடிவாதமாகத் திருத்திய அந்தத் தாள்களில் ஒன்றுகூட இன்று நினைவில்லை.

சரி, பந்தயத்துக்கு வருவோம்.

போ இல்லாத அந்த இரண்டு வாரத்தில் ஃபூர்காட் வெளுத்து வாங்கினார். பட்டியலில் முதலில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டை அவர் தோளுக்கு வந்தது. ஜனவரிக் கடைசியில் ஸ்லோவேனியாவின் போக்லியூகாவில் போ திரும்ப வந்தார், அப்பாவாக. அங்கிருந்து துரத்தல் ஆரம்பம்.

பிப்ரவரியில் இத்தாலியின் அன்ட்ஹோல்ட்ஸில் உலக சாம்பியன்ஷிப். 20 கிலோமீட்டர் தனிநபர் பந்தயத்தில் ஃபூர்காட்டுக்குத் தங்கம். எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் கடைசிப் பந்தயத்தில் போவுக்குத் தங்கம். அந்தப் பக்கத்து மலைப்பெண் டொரோத்தியா வீரர் சொந்த மண்ணில் இரண்டு தங்கம் வாங்கியபோது அந்தப் பள்ளத்தாக்கே ஆடியது. ஆமாம், அவர் குடும்பப்பெயர் அப்படித்தான் ஒலிக்கிறது, நான் சேர்க்கவில்லை. அந்தப் பருவத்தின் பெண்கள் உருண்டையும் அவருக்கே போனது, நார்வேயின் திரில் எக்ஹோஃபைவிட வெறும் 7 புள்ளி கூடுதலாக. நார்வேயின் மார்ட்டே ஓல்ஸ்பு ரோய்சலான்ட் அன்ட்ஹோல்ட்ஸில் ஏழு பந்தயங்களிலும் பதக்கம் வாங்கினார், அதில் ஐந்து தங்கம். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பிப்ரவரி முடிவில் நாங்கள் ஊர் திரும்பினோம். விமான நிலையத்தில் சிலர் முகக்கவசம் போட்டிருந்தார்கள். என்னமோ காய்ச்சல் என்றுதான் அப்போது பேச்சு.

மார்ச் முதல் வாரம் செக் நாட்டின் நோவே மியெஸ்டோவில் பந்தயம், பார்வையாளர்கள் இல்லாமல். ஆயிரக்கணக்கில் கூட்டம் நின்று ஒவ்வொரு குண்டுக்கும் கத்துகிற விளையாட்டு இது. குறி விழுந்தால் ஒரு ஆரவாரம், தவறினால் ஒரு "அடடா". இப்போது குண்டுச் சத்தம் மட்டும். அடுத்தது பின்லாந்தின் கோந்தியோலஹ்தி, அங்கும் காலி மைதானம். அதற்குப் பிறகு நடக்க வேண்டிய ஆஸ்லோ ரத்து. கோந்தியோலஹ்தியிலும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களை விட்டுவிட்டு, மார்ச் 14 சனிக்கிழமையோடு பருவத்தையே முடித்துவிடுவது என்று ஆனது. அதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை, ஃபூர்காட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: நாளையோடு ஓய்வு.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீடியோ காலில் வந்து, கைபேசியை அவர் வீட்டு டிவிக்கு எதிரே சாய்த்து வைத்தார். படம் அடிக்கடி உறைந்துபோனது. விட்டுவிட்டு நான் பார்த்தது பன்னிரண்டரைக் கிலோமீட்டர் துரத்தல் பந்தயம். முந்தைய பந்தயத்தின் நேர வித்தியாசப்படி ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவார்கள், யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. படுத்து இரண்டு முறை, நின்று இரண்டு முறை, மொத்தம் இருபது குண்டு.

ஃபூர்காட் முதலில் வந்தார். அடுத்த இரண்டு இடமும் பிரான்சுக்கே: கென்டின் ஃபியோன் மாயே, எமிலியன் ஜாக்குலின். அவருடைய முதல் உலகக் கோப்பை வெற்றியும் இதே கோந்தியோலஹ்தியில்தான், 2010 மார்ச் 14. சரியாகப் பத்து வருடம், அதே தேதி, அதே ஊர், அதே வகைப் பந்தயம். கைதட்ட ஆள் இல்லை. கூட ஓடியவர்களும் அணிக்காரர்களும் மட்டும் சூழ்ந்து நின்றார்கள். அதே நாளில் பின்லாந்தின் கைசா மாகாரைனன், மூன்று முறை உருண்டை வாங்கியவர், தன் வீட்டு வாசல் போன்ற அந்த மைதானத்தில் கடைசிப் பந்தயம் ஓடினார். அவரை வழியனுப்ப அந்த ஊரே வந்திருக்கும். யாரும் உள்ளே வர முடியவில்லை.

நாலாவதாக வந்தவர் போ.

இப்போது கணக்கு. (பள்ளியில் என்னோடு இருந்த கணக்கு சார் இதைப் படிப்பார், சிரிக்க வேண்டாம்.) பருவத்தில் மொத்தம் 21 பந்தயங்கள். அப்போதைய விதிப்படி ஒவ்வொருவருக்கும் மிகக் குறைந்த இரண்டைக் கழித்து 19ஐ மட்டும் கூட்டினார்கள். போ ஓடாத பந்தயம் நாலு. அதில் இரண்டு பூஜ்யத்தை விதி மன்னித்துவிட்டது, மிச்ச இரண்டு பூஜ்யம் கணக்கில் நின்றது. ஆக, ஓடிய 17 பந்தயங்களில் அவர் சேர்த்தது 913. பந்தயத்துக்குச் சராசரி 53க்கு மேல், அதாவது ஏறக்குறைய எப்போதும் இரண்டாம் இடம். ஃபூர்காட்டுக்கு 911.

இரண்டு புள்ளி. அந்தக் கடைசிப் பந்தயத்தில் போ நாலாவதாக வந்ததற்குக் கிடைத்தது 43. ஐந்தாவதாக வந்திருந்தால் 40. அப்போது அவருக்கு 910, ஃபூர்காட்டுக்கு எட்டாவது உருண்டை. காலி மைதானத்தில் இன்னொரு குண்டு தவறியிருந்தால் அது நடந்திருக்கலாம். நடந்திருந்தால், ஜனவரியில் வீட்டில் இருந்த அந்த இரண்டு வாரத்தைத்தான் எல்லாரும் காரணமாகச் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன்.

ஃபூர்காட் ஏதாவது குறைப்பட்டாரா என்று தேடினேன். அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தோற்றவர் வென்று விடைபெற்றார், வென்றவர் நாலாவதாக வந்து உருண்டையை வாங்கினார். இப்படி முடிந்த பருவம் வேறு உண்டா தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பத்து நாள் கழித்து நம் நாட்டில் ஊரடங்கு. பேத்தியை அடுத்து நேரில் பார்த்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள்.

போ அதன் பிறகும் மூன்று முறை உருண்டை வாங்கினார், மொத்தம் ஐந்து. 2025 ஜனவரியில், 31 வயதில், இன்னும் வென்றுகொண்டிருக்கும்போதே, இந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவித்தார். சொன்ன முக்கியக் காரணம் குடும்பம். கூடவே அண்ணன் தார்யேவும் ஓய்வு பெற்றார். மார்ச்சில் ஆஸ்லோவின் ஹோல்மென்கொல்லனில் இருவருக்கும் கடைசிப் பந்தயம், இந்த முறை மைதானம் நிறைய ஜனம்.

நேற்று ராத்திரி இதை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும், "அந்தப் பையன் மொத்தம் எத்தனை நாள் வீட்ல இருந்தானாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாரத்துக்கு மேல."

"ம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.