ஏனம் கழுவும் எந்திரமும் கம்பித் தட்டும்

டிஷ்வாஷர் வாங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மோட்டாரைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். "குண்டான் உள்ளே நிக்க மாட்டேங்குது", "டம்ளர் அடியில தண்ணி தேங்கி நிக்குது", "கரண்டிக் காம்பு கீழே இறங்கி சுத்துறதைத் தடுக்குது"... எல்லாப் புகாரும் சுற்றிச் சுற்றி உள்ளே இருக்கும் கம்பித் தட்டில்தான் வந்து நிற்கும். இது தற்செயல் இல்லை. இந்த எந்திரத்தின் வரலாறே பாதிக்கு மேல் அந்தக் கம்பித் தட்டின் வரலாறுதான்.

1850ல் அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் என்பவர் பாத்திரம் கழுவ ஒரு மரப்பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். கையால் சுற்றினால் உள்ளே தண்ணீர் வாரி அடிக்கும். அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் அழுக்குப் போய்விடும் என்று அவர் நம்பியிருக்கிறார். நம் வீட்டில் யாரிடம் கேட்டிருந்தாலும் அப்படிப் போகாது என்று சொல்லியிருப்பார்கள்! அடுத்தடுத்து வந்த சில எந்திரங்களும் ஏறக்குறைய இதே கதிதான்.

கதையைத் திருப்பியவர் ஜோசஃபின் காக்ரேன். இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சிற்றூர்க்காரர். வசதியான வீடு, அடிக்கடி விருந்து, பரம்பரையாக வந்த சீனப் பீங்கான். வேலைக்காரர்கள் கழுவும்போது பீங்கானின் ஓரம் உடைகிறது என்று அவருக்கு மனக்குறை. ஆக, வேலைச் சுமை குறையவேண்டும் என்று அவர் இதைத் தொடங்கவில்லை, தட்டு உடையக்கூடாது என்றுதான் தொடங்கினார். இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் தட்டைக் காப்பாற்ற நினைத்தவருக்குத்தான் தட்டை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்ற கேள்வி முதலில் வரும்.

அவர் தட்டுகளையும் கோப்பைகளையும் சாஸர்களையும் அளவெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி கம்பியில் தனித்தனி அறைகள் செய்தார். அந்த அறைகளை ஒரு சக்கரத்தில் பொருத்தி, சக்கரத்தைச் செம்புக் கொப்பரைக்குள் படுக்க வைத்தார். சக்கரம் சுற்றும், கீழிருந்து சோப்பு கலந்த வெந்நீர் பீய்ச்சி அடிக்கும். பாத்திரம் ஆடாது, தண்ணீர்தான் ஆடும். அதுவரை வந்தவற்றுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

1883ல் கணவர் வில்லியம் இறந்தார். விட்டுப்போனது பெரும்பாலும் கடன். அதற்குப் பிறகுதான் பணக்கார அம்மணியின் பொழுதுபோக்கு பிழைப்பாக மாறியது. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் துணையோடு வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் எந்திரத்தை உருவாக்கி, 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை வாங்கினார். விற்பனைக்காக சிகாகோ ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தைத் தன்னந்தனியாக நடந்து கடந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவரைப் போன்ற குடும்பத்துப் பெண்கள் ஆண் துணை இல்லாமல் அப்படிப் போய் நிற்பது வழக்கமில்லை.

1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய எந்திரம் பரிசு வாங்கியது. கண்காட்சி உணவகங்களிலேயே அது வேலையும் செய்தது. (அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வ சமயப் பேரவையில்தான் அந்தச் செப்டம்பரில் விவேகானந்தர் பேசினார். நாம் அந்தப் பேச்சை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.) ஹோட்டல்கள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. வீட்டில் அவ்வளவு வெந்நீர் கிடையாது, விலையும் அதிகம். 1913ல் ஜோசஃபின் இறந்தபோதும் அது ஹோட்டல் எந்திரமாகவே இருந்தது. 1926ல் ஹோபார்ட் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கியது. 1949ல்தான் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு மாடல் வந்தது. இதற்கிடையில் 1924ல் இங்கிலாந்தில் வில்லியம் லிவன்ஸ் முன்கதவு, கம்பித் தட்டு, சுற்றியபடி பீய்ச்சும் குழாய் என்று ஒரு சின்ன எந்திரம் செய்தார். இன்று கடையில் பார்ப்பதன் தாத்தா அதுதான்.

சரி, எந்திரம் எப்படிச் சுத்தம் செய்கிறது? ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பெர்ட் சின்னர் என்ற ஜெர்மானியர் 1959ல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். ரசாயனம், சூடு, நேரம், தேய்ப்பு என்று நான்கு பங்கு. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். கையால் விளக்கும்போது தேய்ப்பு அதிகம், சூடு கிடையாது. எந்திரத்தில் தேய்ப்பே கிடையாது, தண்ணீர் அடிக்கும் வேகம் மட்டும்தான். அதனால் 60, 70 டிகிரி சூடும், கை தாங்காத காரமும், ஒன்றரை இரண்டு மணி நேரமும் தேவைப்படுகின்றன. "இத்தனை நேரமா?" என்று புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் அந்த வட்டத்தில் இருக்கிறது. அதேபோல, தண்ணீர் படாத இடத்தில் அந்த மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. ஒரு கிண்ணம் இன்னொன்றின் மேல் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டால் உள்பக்கம் போட்டது போட்டபடியே இருக்கும். மறுபடியும் கம்பித் தட்டு!

திருத்தங்கல்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஜெர்மனி வரை போக வேண்டாம். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு, சிவகாசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பரவிய வேலைகளில் ஒன்று சட்டத்தில் குச்சி அடுக்குவது. ஒவ்வொரு குச்சியும் பக்கத்துக் குச்சியோடு ஒட்டாமல் தனித்து நிற்க வேண்டும். அப்போதுதான் மொத்தச் சட்டத்தையும் ஒரே முக்கில் மருந்தில் முக்கி எடுக்க முடியும். குச்சிகள் ஒட்டினால் தலை ஒழுங்காக வராது. ஜோசஃபின் கம்பியில் செய்ததும் இதே வேலைதான். அடுக்குவது சரியாக இருந்தால் மிச்சம் தானாக நடக்கும். இத்தனை தலைமுறையாக அடுக்கத் தெரிந்த பெண்கள் இருக்கும் ஊரில், அடுக்க வேண்டிய பொருளின் வடிவம்தான் வம்பு செய்கிறது.

டிஷ்வாஷர் கொள்ளளவை "12 பேர் செட்", "13 பேர் செட்" என்று சொல்கிறார்கள். அந்த ஒரு செட் என்பது தட்டைத் தட்டு, சூப் தட்டு, சின்னத் தட்டு, கோப்பை, சாஸர், கண்ணாடி டம்ளர், முள் கரண்டி, கத்தி, ஸ்பூன். ஐஇசி 60436 என்ற சர்வதேசச் சோதனை விதியில் இவற்றின் மேல் பூசிக் காயவைக்கும் அழுக்கும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பால், டீ, கொத்துக்கறி, பசலைக் கீரை, ஓட்ஸ், முட்டை, மார்கரின். மஞ்சள் பொடி இல்லை, புளிக்குழம்பு இல்லை, அடிப்பிடித்த சோறு இல்லை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் சால்னாவும் கண்டிப்பாக இல்லை :)

நம் ஏனங்களின் கதை வேறு. வெண்கலப் பானை, ஈயம் பூசிய பித்தளை, மண்சட்டி, இரும்புக் கல் என்று இருந்ததற்கு அடுப்புச் சாம்பலும் புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போதும். எவர்சில்வர் வந்து வீடுகளை நிறைத்தது. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடு தர ஆரம்பித்தது. சாம்பல் போய் சபீனா பொடி வந்தது, பிறகு விம் பார். உலோகம் மாறியதே தவிர வடிவம் மாறவில்லை. வாய் குறுகி வயிறு பெருத்த குண்டான், விளிம்பு மடிந்த டம்ளர், உதடு வைத்த டபரா, ஓரம் உயர்ந்த சாப்பாட்டுத் தட்டு. எல்லாம் கை உள்ளே போய்த் தேய்ப்பதற்கான வடிவங்கள். கீழிருந்து அடிக்கும் தண்ணீருக்கு வாய் குறுகிய பாத்திரம் ஒரு கோட்டை. விளிம்பு மடிப்பில் தண்ணீர் தங்கும். ஓரம் உயர்ந்த தட்டைச் செருகினால், சப்பைத் தட்டுக்காக இடைவெளி விட்ட கம்பியில் ஒன்று விட்டு ஒன்றுதான் நிற்கும். 12 பேர் செட் அங்கேயே 6 ஆகிவிடும்.

நம் சமையலறைக்கு அளவெடுத்துச் செய்த எந்திரமே கிடையாதா என்றால், இருக்கிறது. 1955ல் கோவையில் பி. சபாபதி செய்த வெட் கிரைண்டர். ஆட்டுக்கல்லை அப்படியே வைத்துக்கொண்டு அரைப்பவரின் கையை மட்டும் மோட்டாருக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் அது வீடு வீடாகப் போனது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2021 தேர்தல் அறிக்கையில் அதிமுக வாஷிங் மெஷினும் தருவதாகச் சொன்னது (ஆட்சிக்கு வரவில்லை, அதனால் மெஷினும் வரவில்லை). அரைப்பதும் துவைப்பதும் ஓட்டுக்குரிய கஷ்டமாகிவிட்டன. பாத்திரம் விளக்குவது மட்டும் கஷ்டம் என்ற கணக்கிலேயே சேரவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. வசதி உள்ள வீட்டில் அதை வேலைக்கார அம்மா செய்தார், வசதி இல்லாத வீட்டில் அதை அம்மாவே செய்தார்.

2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள், அதே வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர் பக்கம் இந்த எண்ணுக்கு இன்னும் கனம் அதிகம். பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீசிலோ பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்குத்தான் அந்த நிமிடங்கள் சாயங்காலத்தில் காத்திருக்கின்றன.

2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்தது. வேலைக்கு ஆள் வர முடியவில்லை. நகரத்து வீடுகளில் முதன்முறையாக எல்லோரும் தொட்டியடியில் நின்றார்கள். அதுவரை இந்தியாவில் பெயரளவுக்கு விற்றுக்கொண்டிருந்த டிஷ்வாஷருக்குத் திடீரென்று காத்திருப்புப் பட்டியல் போடும் நிலை. பாஷ், ஐஎஃப்பி போன்ற கம்பெனிகள் கடாய்க்கு இடம் இருக்கிறது, மசாலாக் கறை போகும் என்று விளம்பரம் செய்தன. 70 டிகிரி வரை சூடாகும் "கடாய்" புரோகிராம் என்று பெயர் வைத்தே விற்றார்கள். மடக்கிப் படுக்க வைக்கக்கூடிய கம்பிகள், உயர்த்தி இறக்கக்கூடிய மேல்தட்டு, கரண்டிக்குத் தனியாக மூன்றாவது தட்டு என்று வந்தன. 130 வருடம் கழித்து மறுபடியும் அளவெடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம், ஆனால் பாதி அளவுதான்.

மீதிப் பாதியை வாங்கியவர்கள் தாங்களே ஈடுகட்டுகிறார்கள். அவர்களின் அனுபவம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. முதல் மாதம் ஏமாற்றம். பிறகு, குண்டானைச் சாய்த்துக் கவிழ்க்கவும், டம்ளரை ஒரு பக்கமாகச் சரித்து வைக்கவும், கரண்டியைப் படுக்க வைக்கவும் கை பழகுகிறது. இட்லித் தட்டு ஆச்சரியமாக நன்றாக வருகிறது, துளைகளும் ஆழமில்லாத குழிகளும் தண்ணீருக்குத் தோது. அலுமினியக் குக்கர் கறுத்துப்போகிறது, பித்தளை மங்குகிறது, பழக்கி வைத்த தோசைக்கல்லின் எண்ணெய்ப் பிடிப்பு போய்விடுகிறது. இவை மூன்றையும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஒரு வருடத்தில் வீட்டில் சப்பைத் தட்டும் நேர்சுவர் பாத்திரமும் கூடியிருக்கும். ஷெல்பிவில்லில் தட்டுக்காகக் கம்பியை வளைத்தார்கள், இங்கே கம்பிக்காகத் தட்டை மாற்றுகிறோம்.

அடுத்தது தண்ணீர். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பலரைக் கழுவ வைத்துப் பார்த்தபோது, 12 பேர் செட்டைக் கையால் கழுவச் சராசரியாகச் சுமார் 100 லிட்டர் ஆனது. இன்றைய எந்திரத்துக்கு 10 லிட்டர் போதும். விளம்பரங்கள் இதைச் சொல்லாமல் இருக்காது. ஆனால் அது குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியவர்களும் சேர்ந்த கணக்கு. குழாய்த் தண்ணீர் தினமும் வரும் என்று நம்பி இருக்க முடியாத ஊரில், குடத்தையும் டிரம்மையும் நிரப்பி வைத்து, ஒரு சட்டியில் தேய்த்து மறு சட்டியில் அலசுகிறவர்கள் 100 லிட்டர் செலவழிப்பதில்லை. அவர்களோடு வைத்துப் பார்த்தால் மிச்சம் வெகுவாகக் குறையும்.

எந்திரத்துக்குத் தண்ணீர் அழுத்தமும் வேண்டும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 1 பார் கிடைக்கும். ஒரு மாடி வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் அதில் பாதி தேறினாலே பெரிது. போர் தண்ணீராக இருந்தால் உப்பு வெள்ளையாகப் படியும். அதைத் தடுக்க எந்திரத்துக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி ஒன்று உண்டு. அதற்கும் உப்புத்தான் போட வேண்டும், கால்சியமும் மெக்னீசியமும் கலக்காத சுத்தமான உப்பு. பக்கத்துத் தூத்துக்குடியில் மலைமலையாகக் குவிந்திருக்கும் கல் உப்பை அப்படியே போட்டால் ஆகாது. நாட்டுக்கே உப்புப் போடும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாக்கெட்டில் தனி உப்பு வாங்க வேண்டியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

திருவிழா, கல்யாணம் என்றால் இந்தப் பேச்சே எழாது. வாழை இலை இருக்கிறது, கழுவ வேண்டியதே இல்லை. மிஞ்சுவது அண்டாவும் கொப்பரையும் ஆளுயரக் கரண்டியும். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டிய இரும்புச் சட்டியும் அப்படித்தான், அடியில் ஒட்டியதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இவற்றுக்கு ஏற்ற கம்பித் தட்டு வீட்டு எந்திரம் எதிலும் வரவில்லை. ஊறப் போட்டு, கொல்லைப்புறத்தில் கவிழ்த்து, நாரும் கம்பியும் வைத்துத் தேய்க்கிறார்கள், அனேகமாக அதே பெண்கள்.