காலைப் பார்த்தார்கள், யோசனையைக் கேட்கவில்லை

மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., எங்கட பக்கம் அரிதான வருத்தம். பூமத்திய ரேகைக்குக் கிட்டவுள்ள நாடுகளில் அது குறைவு. அதைவிட்டு விலகி வடக்கே போகப் போகக் கூடும். பிறகேன் தீவுப்பகுதியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத வேணும்? ஏனென்றால் எங்கட சனத்தில் கனபேர் இப்ப வடக்கேதான் இருக்கினம். புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் பூட்டிக்கிடக்கிற வீடுகளின் ஆக்கள் ரொறன்ரோவில், பாரிஸில், லண்டனில். 1990இல் மார்டா எலியனும் சக ஆய்வாளர்களும் இங்கிலாந்தில் ஒன்றைக் காட்டினார்கள். தென்னாசியாவில் இருந்தும் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தும் போய்க் குடியேறினவர்களிடம் எம்.எஸ். குறைவு. ஆனால் அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடம் ஏறக்குறைய ஆங்கிலேயருக்குச் சமமான அளவில் இருந்தது. ஆகவே இது எங்கட கதையும்தான்.

நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்றொரு உறை இருக்கிறது, மின்கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மாதிரி. எம்.எஸ். நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் அந்த உறையைத் தாக்குகிறது. தாக்கின இடங்களில் தழும்பு விழுகிறது. 1868இல் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஜோன் மார்ட்டன் சார்கோ இதைத் தனியொரு நோயாக விளக்கினார். நடுக்கத்தையும் பேச்சுத் தடுமாற்றத்தையும் மட்டுமல்ல, நோயாளிகளின் ஞாபகம் தளர்வதையும், எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அவர் அப்போதே குறித்துவைத்தார்.

அப்படியிருந்தும் அடுத்த நூறு வருசத்துக்கு மருத்துவம் அந்தக் குறிப்பைப் பெரிதாக எடுக்கவில்லை. 1926இல் லண்டனில் கொட்ரெல், வில்சன் என்ற இருவர் 100 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். மனநிலை மாற்றம் நிறைய, அறிவுக் குறைவு மிக அரிது என்பதுதான் அவர்களின் முடிவு. முழங்காலைச் சுத்தியலால் தட்டலாம், கண்ணுக்குள் பார்க்கலாம். யோசனையை எதால் தட்டுவது? 1983இல் ஜோன் கேர்ட்ஸ்கி திருத்தி வெளியிட்டு இன்றும் உலகமெங்கும் பாவனையில் உள்ள அளவுகோலிலும், நோய் கூடின நிலைகளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதுதான்.

திருப்பம் இரண்டு பக்கத்தால் வந்தது. ஒன்று, படம். 1981இல் லண்டனில் 10 நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்தார்கள். சி.ரி. ஸ்கான் காட்டியது 19 தழும்புகளை, எம்.ஆர்.ஐ. அதற்கு மேலதிகமாக 112ஐக் காட்டியது. மற்றது, கேள்வி. 1991இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவோவின் குழு 100 நோயாளிகளையும் நோயில்லாத 100 பேரையும் ஒரே சோதனைகளுக்கு உட்படுத்தியது. நோயாளிகளில் சுமார் 43 வீதமானோருக்குச் சிந்தனையில் பாதிப்பு. பேச்சு பெரும்பாலும் அப்படியே இருந்தது. அதனால்தான் கதைத்துப் பார்க்கிற ஆளுக்கு ஒன்றும் விளங்காது. குறைந்தது அண்மைய ஞாபகம், நீடித்த கவனம், காரணம் கண்டு முடிவெடுக்கும் திறன். உடல் இயலாமை ஒரேயளவாக இருந்தவர்களுக்குள்ளும், சிந்தனை பாதிக்கப்பட்டவர்களே வேலையில் இல்லாமல் இருந்தது கூட.

தழும்பு யோசனையை எப்படிக் குழப்புகிறது? யாழ்ப்பாணத்தில் இருந்து நெடுந்தீவுக்குப் போகிற வழியை நினையுங்கோ. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவுத் தாம்போதி, குறிகாட்டுவான், பிறகு படகு. நடுவில் ஒரு தாம்போதி உடைந்தால் பட்டினத்திலும் பிழையில்லை, நெடுந்தீவிலும் பிழையில்லை. ஆனால் சாமான் சுணங்கும், சிலது வந்தே சேராது. ஒரு கணக்கைத் தீர்க்க மூளையின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் தொடர்பில் இருக்க வேணும். மயலின் போன பாதையில் செய்தி பிந்துகிறது. அதற்குள் முந்தின படி மறந்துபோகிறது. ஆள் விளங்காதவர் இல்லை. விளங்க நேரம் எடுக்கிறது.

ஆனால் படத்தை மட்டும் நம்பவும் ஏலாது. ஒரேயளவு தழும்புள்ள இரண்டு பேரில் ஒருவர் சமாளிப்பார், மற்றவர் திணறுவார். வெள்ளைப் பகுதியில் மட்டுமல்ல, சாம்பல் பகுதியிலும் சேதம் நடக்கிறது என்பதும், வழமையான ஸ்கானில் அதில் கனக்கத் தெரிவதில்லை என்பதும் பிறகுதான் தெளிவானது. ஆகவே கேட்டுத்தான் அறிய வேணும். இன்று அதிகம் பாவிக்கும் சோதனையொன்று 90 செக்கனில் முடியும்: குறியீடுகளுக்குரிய இலக்கங்களை எவ்வளவு வேகமாகச் சொல்கிறார் என்று பார்ப்பது.

கேட்பதற்கு மொழி வேணும். சார்கோ பாரிஸில் விரிவுரை நடத்திய அதே காலத்தில், மானிப்பாயில் சாமுவேல் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்துக்கொண்டிருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பின் உள்ளுறுப்புகளுக்கு அப்படித் தமிழில் சொல் தேடினோம். யோசனை மெதுவாவதற்கு எங்கட வீடுகளில் இருக்கிற சொற்கள் இன்னும் 'பஞ்சி', 'மறதிக்காரி', 'கவனமில்லை' என்பவைதான். முப்பது வயதில் வேலையில் தடுமாறத் தொடங்கிய ஒரு பிள்ளைக்கு அந்தச் சொற்கள் நோயை மறைத்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தத்தில் யாருக்காவது இந்த வருத்தம் என்றால், "நடக்க ஏலுதோ?" என்பதுதான் நாங்கள் போனில் கேட்கிற முதல் கேள்வி. அதோடு இதையும் கேட்போம்: "வேலையில ஒரு விசயத்தை யோசிச்சு முடிக்க முந்தியைவிடக் கூட நேரம் எடுக்குதோ? அதை டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"