மகுடமும் புலியும்

ஒரு நாட்டின் ஆட்சி எவர் கையில் இருந்தது என்பதை ஒப்பந்தங்களும் அரசாணைகளும் எடுத்துரைக்கும். கட்டைவிரல் அளவே உள்ள அஞ்சல் தலையும் அதனை எடுத்துரைக்கும். விக்டோரியா அரசியார் காலத்தில் (1837-1901) இம்மண்ணில் வழங்கிய அஞ்சல் தலைகளை வரிசைப்படுத்தி நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

பினாங்கு, சிங்கப்பூர் என்னும் தீவுகளும் மலாக்காவும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. எனவே, 1854இல் வெளிவந்த இந்திய அஞ்சல் தலைகளே இங்கும் பயன்பட்டன. தலையில் அச்சிட்ட விலையோ அணாவில். கடைத்தெருவில் புழங்கிய நாணயமோ வெள்ளி டாலர். 1855இல் இந்திய நாணயத்தைப் புகுத்த முயன்றபோது வணிகர்கள் எதிர்த்து நின்றனர். அஞ்சல் முத்திரையிலும் இந்திய வரிசை எண்களே இடம்பெற்றன. சிங்கப்பூருக்குப் 'பி 172', பினாங்குக்குப் 'பி 147'.

1867 ஏப்ரல் 1ஆம் நாள் இக்குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. புதிய தலைகள் வரும்வரை காத்திருக்க இயலவில்லை. செப்டம்பர் மாதத்தில் இந்திய அஞ்சல் தலைகளின் மேலேயே ஒரு மகுடத்தையும் காசுக் கணக்கில் புதிய விலையையும் அச்சிட்டு ஒன்பது வகைகளை வெளியிட்டனர். அரசியாரின் முகம் மாறவில்லை. அதனை அனுப்பிய அலுவலகம் மாறிவிட்டது. அவ்வாண்டு இறுதியில் குடியேற்றங்களுக்கெனத் தனித் தலைகள் வந்தன.

சிலாங்கூரின் கதை வேறு. 1874இல் இங்கு ஆங்கிலேய ரெசிடென்ட் அமர்ந்தார். அவருடைய தலைமையிடம் முதலில் கிள்ளான், 1880இல் கோலாலம்பூர். 1881 முதல் நீரிணைக் குடியேற்றத் தலைகளில் 'சிலாங்கூர்' என்னும் பெயரை மேலச்சிட்டு விற்றனர். 1891இல் சிலாங்கூருக்கெனத் தனித் தலை பிறந்தது. அதில் அரசியார் இல்லை. பாயும் புலி ஒன்றே இருந்தது.

புலி ஏன்? சட்டப்படி சிலாங்கூர் காலனியன்று. பாதுகாப்பில் உள்ள மலாய் அரசு. ஆகவே அரசியாரின் முகத்துக்கு அங்கே உரிமை இல்லை. அங்ஙனமாயின், 1857 முதல் 1898 வரை அரசாண்ட சுல்தான் அப்துல் சமாது அவர்களின் முகம் ஏன் இல்லை? ரெசிடென்ட் இல்லாத ஜொகூரில், அதே 1891இல், சுல்தான் அபு பக்கார் தம் உருவத்துடன் தலை வெளியிட்டார். சிலாங்கூரில் அரியணை சுல்தானுடையது; நிர்வாகம் ரெசிடென்டுடையது. இருவருக்கும் இடையே இருந்த அந்த இடத்தைத்தான் புலி நிரப்பியது எனக் கொள்வது பொருந்தும்.

சிலாங்கூர்த் தலையில் சுல்தானின் முகம் தோன்ற 1935 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் வெள்ளி விலைத் தலைகளில் சுல்தான் சுலைமான் காட்சியளித்தார். காசு விலைத் தலைகளில் கிள்ளான் அரண்மனைப் பள்ளிவாசல் இடம்பெற்றது.

நம் முன்னோர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் தோட்டங்களிலும் வாழ்ந்து, ஊருக்குக் கடிதம் எழுதியவர்கள். அவர்களைப் பற்றிய ஏடுகள் மிகக் குறைவு. வீட்டுப் பழைய பெட்டியில் ஓர் உறை கிடைத்தால் மாணவர்கள் அதனை எறிந்துவிடலாகாது. தலையில் உள்ள உருவம் எவருடையது, விலை எந்த நாணயத்தில் உள்ளது, முத்திரை எவ்வூருடையது என மூன்று வினாக்களை எழுப்புக. விடைகளைத் தேடப் புகுந்தால் அதுவே வரலாற்றுப் பாடமாகும்.