திமிங்கிலம் தேடிப் போனவர் கண்ட சிப்பிகள்

அண்டார்க்டிகா என்றதும் நமக்குப் பனியும் பெங்குவினும்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு காலத்தில் பனியில்லாத கடலும் கரையில் காடும் இருந்தன. அதற்கான சான்றுகளை முதலில் பொறுக்கி வந்தவர்களில் ஒருவர் விஞ்ஞானி அல்ல. கார்ல் அன்டன் லார்சன் என்ற நார்வே நாட்டுக் கப்பல் தலைவர்.

1892இல் 'ஜேசன்' என்ற கப்பலில் திமிங்கிலம் தேடிப் போனார் லார்சன். எதிர்பார்த்த திமிங்கிலம் அகப்படவில்லை. டிசம்பரில் சீமோர் என்ற சிறு தீவில் இறங்கினார். கண்டத்தின் மற்ற இடங்களைப் போல அந்தத் தீவைப் பனி மூடியிருக்கவில்லை. வெறும் மணலும் களிமண்ணும் வெளியே தெரிந்தன. அதில் கல்லாகிப்போன சிப்பிகளும் கல்மரத் துண்டுகளும் கிடந்தன. வியாபாரத்துக்குப் போன இடத்தில் அவற்றைக் குனிந்து பொறுக்கினார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். அவற்றில் சில, ஸ்காட்லாந்துக் கப்பல் ஒன்றின் மருத்துவர் மூலம் பிரிட்டன் போய்ச் சேர்ந்தன. 1894இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள்.

கடலடியில் மணலும் சேறும் படிந்துகொண்டே இருக்கும். செத்த சிப்பிகள் அதில் புதையும். பிறகு நிலம் மேலெழும்பும்போது அவை வெளியே வரும். கூடவே மரத்துண்டும் இருந்தால், பக்கத்தில் மரங்கள் வளர்ந்த கரை இருந்தது என்று பொருள்.

இதை முறையாக ஆராய, 1901இல் ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் ஓட்டோ நோர்டென்ஷோல்ட் புறப்பட்டார். 'அண்டார்க்டிக்' என்ற அவரது கப்பலுக்குத் தலைவர் அதே லார்சன்தான். 1902 பிப்ரவரியில் நோர்டென்ஷோல்டும் ஐந்து பேரும் சீமோருக்குப் பக்கத்திலுள்ள ஸ்னோ ஹில் தீவில் மரவீடு கட்டித் தங்கினார்கள். அந்த டிசம்பரில் சீமோர் தீவில் மிகப் பெரிய பெங்குவின்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் ஓர் இனம் ஏறக்குறைய ஆள் உயரம் இருந்திருக்கும் என்று பின்னாளில் கணித்தார்கள்.

ஆனால் அழைத்துப்போக வேண்டிய கப்பல் வரவில்லை. பனிப்பாறைகள் நெருக்கி உடைத்ததில் 1903 பிப்ரவரி 12 அன்று அது மூழ்கிவிட்டது. லார்சனும் மாலுமிகளும் பாலெட் தீவில் கற்குடிசை கட்டிக் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். ஓர் இளம் மாலுமி அங்கேயே இறந்தார். ஹோப் விரிகுடாவில் முன்பே இறங்கியிருந்த மூவர் தனியாக மாட்டிக்கொண்டார்கள். ஒரு கூட்டத்தின் கதி மற்றதற்குத் தெரியாது. பட்டினியும் குளிருமான அந்த நாட்களிலும், மூவரில் ஒருவரான குன்னார் ஆண்டர்சன் அங்கிருந்த செடிப் புதைபடிவங்களைச் சேகரித்தார். அக்டோபரில் நோர்டென்ஷோல்ட் அவர்களைப் பனிவெளியில் சந்தித்தபோது, புகைக்கரி படிந்த முகங்களை அடையாளமே தெரியவில்லையாம்.

நவம்பர் 8 அன்று அர்ஜென்டினாவின் 'உருகுவே' கப்பல் மீட்க வந்தது. அன்றிரவே, திறந்த படகில் துடுப்புப் போட்டு வந்த லார்சனும் ஸ்னோ ஹில் வந்து சேர்ந்தார்! மரவீட்டில் இருந்த கற்களும் எலும்புகளும் ஊர் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கற்களில் அம்மோனைட்டுகளும் இருந்தன. நாம் பூஜையில் வைக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அந்த வகை உயிரின் படிவம்தான். 1909இல் இவற்றை விவரித்த பிரெஞ்சு அறிஞர்கள், நம் அரியலூர்ப் பக்கத்துப் படிவங்களோடு இவற்றுக்கு உறவு இருப்பதைக் கண்டார்கள். இரண்டு இடத்திலும் கிடைக்கும் ஓர் அம்மோனைட் குடும்பத்துக்கு, தென்னிந்தியப் படிவங்களை ஆராய்ந்த கோஸ்மாட் என்பவரின் பெயரே வழங்குகிறது. அரியலூரில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடலின் மிச்சம்தான்.

சீமோர் தீவின் கதை அதோடு முடியவில்லை. டைனோசர்கள் அழிந்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தின் எல்லைக்கோடு அங்கே மண்ணடுக்கில் தெரிகிறது. அம்மோனைட்டுகளின் கதை அந்தக் கோட்டோடு முடிகிறது. 1982இல் கங்காருவைப் போல வயிற்றுப்பை உள்ள விலங்கினத்தின் படிவமும் கிடைத்தது. தென் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அவை அண்டார்க்டிகா வழியாகப் போயிருக்க வேண்டும் என்ற கருத்துக்கு அது வலுச்சேர்த்தது.

லார்சன் 1904இல் தெற்கு ஜார்ஜியா தீவில் திமிங்கில வேட்டைக்கான நிலையம் அமைத்தார். அங்கே கொல்லப்பட்ட திமிங்கிலங்களுக்குக் கணக்கில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பெயரைத் தாங்கிய லார்சன் பனித்தட்டின் ஒரு பெரும்பகுதி 2002இல் சில வாரங்களிலேயே நொறுங்கிப்போனது. துருவத்தில் பனி எப்போதும் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு, அவர் பொறுக்கிய சிப்பிகள் வேறு கதை சொல்கின்றன.