சின்னத்திரை மகுடம் – அத்தியாயம் 6: நிரப்பப்படாத வரி

2021 செப்டம்பர் 1, திருவனந்தபுரம். கேரள அரசின் தொலைக்காட்சி விருதுப் பட்டியலோடு பண்பாட்டுத் துறை அமைச்சர் சஜி செறியான் செய்தியாளர்கள் முன் அமர்ந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 2020-ஆம் ஆண்டின் சிறந்த தொடர் எது?

எதுவுமில்லை.

போட்டிக்கு வந்தவற்றில் ஒன்றுகூட அந்தப் பரிசுக்குத் தகுதியானதல்ல என்று நடுவர் குழு கைவிரித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற தொடர்களில் பெண்களையும் குழந்தைகளையும் மோசமாகச் சித்திரிக்கிறார்கள் என்ற கவலையையும் குழு பதிவு செய்தது. அதே பட்டியலில் சிறந்த நடிகை விருது ‘சக்கப்பழம்’ நாயகி அஸ்வதி ஸ்ரீகாந்துக்குப் போனது. நடிப்புக்குப் பரிசு உண்டு, தொடருக்கு இல்லை!

நடுவர்களின் துணிவை நான் மதிக்கிறேன். மருமகளுக்கு விஷம் வைக்கும் மாமியாரையும், அழுவதற்கென்றே பிறந்த நாயகியையும் எத்தனை வருடம் பொறுப்பது? ஆனால் அந்தத் தொடர்களை அன்றாடம் பார்க்கிறவர்கள் யார், ஏன் பார்க்கிறார்கள் என்பதையும் யாராவது கேட்டிருக்க வேண்டும். அதற்குத் தலைநகரிலிருந்து மலையேறி இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லிக்கு வரவேண்டும்.

கொழுக்குமலைக்கு ஜீப் புறப்படுகிற ஊர் என்றுதான் சுற்றுலாக்காரர்களுக்கு இதைத் தெரியும். போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தமிழர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பினால், இருட்டிய பிறகு வெளியே கால்வைக்க முடியாது. சின்னக்கானல் வட்டாரத்தையே நடுங்கவைத்து, 2023 ஏப்ரலில் பிடிபட்ட காட்டு யானை அரிக்கொம்பனின் நடமாட்டம் இங்கேதான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அடைந்துவிட்டால் மிச்சமிருப்பது டிவிதான். அதில் ஓடுவது தமிழ்த் தொடர்.

மலையாள நிகழ்ச்சிகளுக்கான கேரள விருதில் அந்தத் தொடருக்கு இடமில்லை. சரி, மலைக்கு அந்தப் பக்கம்?

அங்கே நடந்தது வேறு கதை. 1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியது. ராதிகாவின் குரல் கேட்டதும் தெருவே வீட்டுக்குள் போன காலம் அது. பிறகு ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’. தொடர்களுக்கென்றே ‘சன் குடும்பம் விருதுகள்’ 2010-இல் வந்தது. மற்ற சேனல்களும் பின்தொடர்ந்தன. பளபளக்கும் மேடை, ஆட்டம், பாட்டு, கண்ணீர் எல்லாம் உண்டு. ஆனால் சேனல் தன் சொந்தத் தொடர்களுக்குத் தானே சூட்டிக்கொள்ளும் மகுடம் அது. போட்டிச் சேனலின் நல்ல தொடர் அந்த மேடையில் ஏறாது. பொதுவான மகுடத்தை அரசுதான் சூட்ட முடியும்.

அமெரிக்காவில் பகல்நேரத் தொடர்களுக்கு 1974 முதலே தனி எம்மி விருது இருக்கிறது. எரிகா கேன் என்ற பாத்திரத்தில் நடித்த சூசன் லூச்சி 1978-இல் முதன்முறையாகப் பரிந்துரைக்கப்பட்டு, 18 முறை வெறுங்கையோடு திரும்பி, 19-ஆவது முறையாக 1999-இல் வென்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவராவது தோற்றுத் தோற்றுக் காத்திருந்தார். தமிழ்நாட்டுக் கலைஞர்கள் வென்ற பிறகு காத்திருந்தார்கள்!

ஆம். 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகளைத் தமிழக அரசு 2017 ஜூலையில்தான் அறிவித்தது. அதற்குள் ‘கோலங்கள்’ முடிந்தே ஏழு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சரி, பெயராவது வந்ததே என்று மகிழ்ந்தவர்களுக்கு விழாவுக்கான அழைப்பு வரவில்லை. 2018 போனது. 2019 போனது. 2020-இல் கொரோனா வந்து படப்பிடிப்பையே நிறுத்தியது.

இரண்டு மாநில நடுவர்களும் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான ‘பெம்பிளை ஒருமை’ பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். இரவில் தொடர் பார்க்கும் அதே பெண்கள்தான்! அப்படி ஒருத்தியை நாயகியாக்க எந்தச் சேனலுக்கும் மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

விருதுக் கோப்புக்கு வருவோம். அதிலிருந்த ஐந்து ஆண்டுகளின் தொடக்கம் திமுக ஆட்சிக் காலம், முடிவு அதிமுக ஆட்சிக் காலம். வெற்றியாளர்களை அறிவித்தது அதிமுக அரசு. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. கோட்டையில் பழைய கோப்புகள் புதிய மேசைகளுக்குப் போயின. முந்தைய ஆட்சி தேர்ந்தெடுத்த பெயர்களைப் புதிய அரசு ஏற்குமா, புதுக் குழு போடுமா, அல்லது கோப்பை மூடிவிடுமா?

2022 செப்டம்பர் 4 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தின் கதவுகள் திறந்தன…

(தொடரும்)