தலைமன்னார் – தனுஷ்கோடி: ஒரு நீச்சல் வழி பிறந்த கதை

பாக் நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் தனுஷ்கோடிப் பக்கம் வரவே இல்லை. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, 1954 மார்ச் மாதம் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கினார். 27 மணி நேரம் நீந்தி, தமிழ்நாட்டுக் கோடியக்கரையில் ஏறினார். அந்த ஊர்கள் இருக்கும் வடமராட்சிப் பகுதிக்காரருக்கு அதுதான் தெரிந்த வழி. எதிரெதிர்க் கரைகள், பாய்மரத் தோணிகள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தடம். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது என்றால், அந்த ஊராருக்குக் கடல் எவ்வளவு பழக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நீச்சல்காரர்களின் வழி வேறு. தலைமன்னாரில் இறங்கி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஏறுகிறார்கள். நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இந்த இரண்டு முனைகளுக்கும் முடிச்சுப் போட்டது ரயில். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, காத்திருக்கும் நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே கொழும்பு ரயிலைப் பிடிக்கலாம் என்று ஆயிற்று. அதுதான் போட் மெயில். ஐம்பது வருஷம் அப்படிப் போய்வந்த பிறகு, 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் துறைமேடை, ஸ்டேஷன், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் எல்லாம் போயின. அதற்குப் பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான் புறப்பட்டது.

கப்பல் கைவிட்ட தடத்தில் பதினாறு மாதம் கழித்து ஒரு மனிதர் இறங்கினார். அவர் மிஹிர் சென். கல்கத்தா வக்கீல்; 1958இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர். ஒரே வருஷத்துக்குள் ஐந்து கண்டங்களின் கடல்களில் நீந்திக் காட்டுவது என்று கிளம்பியவர், பாக் நீரிணையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். பிரதமர் இந்திரா காந்தி செலவில் ஒரு பங்குக்கு வழி செய்தார். துணைக்குக் கடற்படையின் சுகன்யா, சாரதா கப்பல்கள் வந்தன. 1966 ஏப்ரல் 5ஆம் தேதி தலைமன்னாரில் இறங்கிய சென், 25 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் இருந்து, மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் எல்லாம் அதே வருஷம் அக்டோபருக்குள் முடிந்தன. அவர் பெயர் உலகம் முழுக்கப் போனது. தலைமன்னார் – தனுஷ்கோடிக் கோடும் நீச்சல் உலகத்தில் நிலைத்துவிட்டது.

முப்பது கிலோமீட்டருக்கு 25 மணி நேரமா என்று தோன்றலாம். கடலின் குணம் தெரிந்தால் அப்படித் தோன்றாது. தனுஷ்கோடி முனைக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ராமேஸ்வரத்தில் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும், வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். நடுவில் தலைமன்னார் வரை மணல் தீடைகள். தென்மேற்குப் பருவத்தில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பி ஓடும். தீடைகளின் இடுக்கில் அந்த ஓட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போகும். வடக்கிலிருந்து வீசும் வாடை ஓய்ந்து, தெற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்காத இடைவெளி மார்ச், ஏப்ரல். நவரத்தினசாமி இறங்கியது மார்ச்சில், சென் ஏப்ரலில். இன்றும் பெரும்பாலோர் இந்த இரண்டு மாதத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

அப்போதும் கடல் சும்மா இருக்காது. மணிக்கு மூன்று கிலோமீட்டர் நீந்துபவரை, மணிக்கு ஒரு கிலோமீட்டர் ஓடும் நீவாடு, அதாவது நீரோட்டம், பக்கவாட்டில் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் ஒதுங்கியிருப்பார். அரிச்சல்முனையோ ஒரு நுனி. அதைத் தவறவிட்டால் பக்கத்தில் வேறு கரை கிடையாது. ஆகவே ஓட்டம் வரும் பக்கமாகவே முகத்தை வைத்து, சாய்வாக நீந்தியாக வேண்டும். 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திய மாத்யூ வெப், 33 கிலோமீட்டர் அகலத்தைக் கடக்க வளைந்து வளைந்து 60 கிலோமீட்டருக்கு மேல் போனதும் ஓதத்தின் வேலைதான்.

இப்படி வழி தேடுவதையே ஆட்டமாக்கிய ஓரியண்டீரிங் என்றொரு போட்டி நிலத்தில் உண்டு. 1919இல் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய ஓட்டத்திலிருந்து வளர்ந்தது. வரைபடமும் காம்பஸும் கையில் இருக்கும். எந்த வழியில் போவது என்பது ஓடுபவர் பாடு. கால் வேகமாக இருந்தும் வழி தப்பினால் தோல்விதான். பாக் நீரிணை நீச்சலும் அந்த ஜாதிதான், ஒரு வித்தியாசத்தோடு. நீந்துபவர் காம்பஸைப் பார்க்க முடியாது. தண்ணீர் மட்டத்தில் இருக்கும் கண்ணுக்கு அடிவானமே ஒரு கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடும். இருட்டில் இறங்கினால் அதுவும் இல்லை. துணைக்கு வரும் படகின் விளக்கு ஒன்றுதான் திசை. படகைத் தொட்டால் நீச்சல் செல்லாது. பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். மிதந்தபடியே குடித்துவிட்டு, சொறிமீன் பட்ட எரிச்சலோடு மறுபடி கையைப் போட வேண்டும். எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு ஒதுங்கினோம் என்பது சுக்கான் பிடிப்பவருக்குத்தான் தெரியும்.

சென்னுக்குப் பின் பலர் வந்தார்கள். வல்வெட்டித்துறை வக்கீல் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போகவர 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் உயிரை விட்டார். 1994 ஏப்ரலில் 12 வயது குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையைக் கடந்து, அதே வருஷம் ஆறு நீரிணைகளை முடித்து, சென்னின் ஐந்தைத் தாண்டினார். 1974 ஒப்பந்தத்தில் நடுக்கடலில் எல்லைக்கோடு விழுந்ததால் இப்போது இரண்டு அரசுகளின் அனுமதியும் வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து படகில் தலைமன்னார் போய், அங்கிருந்து நீந்தித் திரும்புவது வழக்கமாகிவிட்டது.

2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையின் ரோஷன் அபேசுந்தர போகவர 59 கிலோமீட்டரை 28 மணி நேரம் 19 நிமிஷத்தில் முடித்தார். சென் ஒரு வழிக்கு எடுத்த நேரத்தில் ஏறக்குறைய இரண்டு வழி. இடையில் பயிற்சி முறை மாறிவிட்டது. படகில் ஜிபிஎஸ் ஏறிவிட்டது. ஆனால் இன்றைக்கு இறங்கலாமா, எத்தனை மணிக்கு இறங்குவது, எந்தப் பக்கம் சாய்ந்து போவது என்பதை இப்போதும் காற்றும் நீவாடும் அறிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதனைப் பட்டியலில் நீந்தியவர் பெயரும் மணியும் நிமிஷமும் இருக்கும். பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, சுக்கான் பிடித்தவர் பெயரையும் எழுதலாம். பாதி நீச்சல் அவருடையது.